தயிர், மோர், நெய்னு பேர் சொல்லிக் கேளுங்க: பால் ஒவ்வாமையோடு அம்பத்தூரில்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, சில இடங்களில் வரிசை மாற்றியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

உணவு ஒவ்வாமை பத்திப் பேசுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எல்லாத்தையும் ஒரே எபிசோடில் போட்டா எதுவும் மனசுல நிக்காது. அதனால இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு: பால்.

எங்க அக்கா வீடு அம்பத்தூர். அவ பையனுக்கு ஆறு வயசு. அவனுக்குப் பால் சேராது. "சேராது"ன்னா வயித்தை உப்புற கதை இல்லை. ரெண்டு ஸ்பூன் தயிர் உள்ளே போனா உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வரும், மூச்சு இழுக்கும். நான் டாக்டர் கிடையாது, தாய்மாமன். டாக்டர்கள்கிட்ட கேட்டது, படிச்சது, வீட்ல பழகினது, இந்த மூணையும்தான் சொல்லப் போறேன். மருந்து அளவு, டெஸ்ட் எல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். "எனக்கும் பால் ஆகாதுங்க, குடிச்சா வயிறு கடமுடான்னு ஆயிடும்"னு நம்மள்ல பல பேர் சொல்வோம். அது பெரும்பாலும் லாக்டோஸ் பிரச்சினை. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்கிற நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைஞ்சு போகும். வட இந்தியாவை விடத் தென்னிந்தியாவில் இது அதிகம். கஷ்டமா இருக்கும், ஆனா உயிருக்கு ஆபத்து இல்லை. அரை டம்ளர் காபி தாங்கும், தயிர் தாங்கும்.

பால் ஒவ்வாமை வேற. அங்கே சர்க்கரைக்கு வேலையே இல்லை, புரதம்தான் விஷயம். உடம்போட எதிர்ப்பு சக்தி பால் புரதத்தை ஏதோ கிருமின்னு நினைச்சு, அதுக்கு எதிரா ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருளை உருவாக்கி வெச்சிருக்கும். அடுத்த முறை அந்தப் புரதம் உள்ளே வந்ததும் சில நிமிஷத்திலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, வீக்கம், வாந்தி, இருமல், மூச்சுத் திணறல்னு கிளம்பிடும். உடம்பில் ஒண்ணுக்கு மேற்பட்ட இடத்தைத் தாக்கி, மூச்சையோ ரத்த அழுத்தத்தையோ கீழே இழுத்துட்டா அதுக்குப் பேர் அனாபிலாக்சிஸ். இதனாலதான் கடையில விற்கிற லாக்டோஸ் இல்லாத பால் இவங்களுக்கு உதவாது. அதில சர்க்கரையை மட்டும்தான் உடைச்சிருப்பாங்க, புரதம் அப்படியே இருக்கும்.

இன்னொரு வகையும் இருக்கு. ஐஜிஇ சம்பந்தப்படாம, மெதுவா, மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ வர்றது. கைக்குழந்தைகளுக்கு மலத்தில் ரத்தக் கோடு, தொடர் வாந்தி, எடை ஏறாம இருக்கிறது இப்படியெல்லாம் காட்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கும் வரலாம், ஏன்னா அம்மா சாப்பிட்ட பால் புரதம் கொஞ்சம் தாய்ப்பாலில் வரும். அதுக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தேவைன்னா அம்மா கொஞ்ச காலம் பால் பொருட்களைத் தவிர்க்கணும்னு டாக்டர் சொல்வார். "சளி பிடிக்கும்"னு பக்கத்து வீட்ல சொன்னாங்கன்னு பாலை நிறுத்துறது இந்தக் கணக்கில் வராது. அந்த மாதிரி சும்மா நிறுத்தி, குழந்தைக்குச் சத்துக் குறைஞ்சு போனதுதான் மிச்சமா இருக்கும்.

சரி, இப்ப ஊருக்கு வருவோம். அம்பத்தூர்ல பாலைத் தவிர்த்து வாழுறது என்ன மாதிரின்னா, ஆவின் பால் பண்ணையே இங்கதான் இருக்கு. விடியக்காலையில கேட்ல தொங்குற பையில நீல பாக்கெட்டோ பச்சை பாக்கெட்டோ விழுந்தாதான் வீட்ல விளக்கே எரியும். அது கண்ணுக்குத் தெரியுற பால். அதைச் சமாளிச்சிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத பால்தான் பிரச்சினை. புது வீடு போனா பால் காய்ச்சுறோம், வந்தவங்க எல்லாருக்கும் ஒரு வாய் குடுக்கிறோம். கல்யாணத்துல பாலும் பழமும். ஆடி மாசம் திருவேற்காட்டுக்குப் பால்குடம். ஆள் போய்ச் சேர்ந்தா மறுநாள் பால் தெளி. பொங்கலன்னைக்கு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா "பால் பொங்கிச்சா?"ன்னுதான் கேட்கிறோம். நம்ம மனசுல பால் ஒரு சாப்பாட்டுப் பொருளே இல்லை. அது மங்கலம், அது சத்து, அது சைவம். அதனால ஒரு பண்டத்துல என்னென்ன சேர்ந்திருக்குன்னு ஒருத்தர் நினைச்சுப் பார்க்கும்போது, பால் அந்தக் கணக்குக்குள்ளயே வராது.

அக்கா ஒரு தடவை பிரியாணிக் கடையில கேட்டா. "அண்ணா, இதுல பால் ஏதாவது சேர்ப்பீங்களா?" அவர் சிரிச்சுட்டார். "பிரியாணியில யாரும்மா பால் ஊத்துவாங்க?" சரின்னு அடுத்த கேள்வி கேட்டா. "தயிர்?" "தயிர் இல்லாம எப்படிம்மா கறி வேகும்!" அவர் பொய் சொல்லலை. அவர் அகராதியில பால் வேற, தயிர் வேற. நமக்கும் அப்படித்தானே?

இந்த எபிசோடில ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கிறதா இருந்தா இதை வெச்சுக்குங்க. "பால் இருக்கா?"ன்னு கேட்காதீங்க. தயிர், மோர், நெய், வெண்ணெய், பால் பவுடர், பன்னீர், கோவான்னு ஒவ்வொரு பேராச் சொல்லிக் கேளுங்க. கேட்டு முடிச்சிட்டு, "குழந்தைக்கு அலர்ஜி, சாப்பிட்டா மூச்சு நின்னுடும்"னு சொல்லுங்க. "சேராது"ன்னு மட்டும் சொன்னா பத்தியம்னு நினைச்சுக்குவாங்க. "கொஞ்சமாத்தான் போட்டிருக்கேன்"னு அன்பா ஒரு கரண்டி வெச்சிடுவாங்க.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. லண்டன்ல ஓவன் கேரின்னு ஒரு பையன். 2017 ஏப்ரல் 22, அவனோட 18-வது பிறந்தநாள். குடும்பத்தோட ஒரு பர்கர் கடைக்குப் போறான். பால் அலர்ஜி இருக்குன்னு கடை ஊழியர்கிட்ட சொல்லியிருக்கான். வாட்டின கோழிக்கறி பர்கர், வேற ஒண்ணும் இல்லாம வாங்கிச் சாப்பிட்டான். அந்தக் கோழியை மோரில் ஊற வெச்சிருந்தாங்க. மெனு கார்டுல அது இல்லை. ஒரு மணி நேரத்துக்குள்ள சரிஞ்சு விழுந்து இறந்துட்டான். 2019-ல் நடந்த விசாரணையில, அது பாதுகாப்பான உணவுன்னு அவன் தப்பா நம்ப வைக்கப்பட்டான்னு முடிவு சொன்னாங்க. கோழியை மோர்லயும் தயிர்லயும் ஊற வைக்கிறது அவங்களை விட நம்ம ஊர்லதான் அதிகம். சிக்கன் 65, தந்தூரி, பிரியாணி, எல்லாத்துலயும் முதல் வேலை அதுதான்.

வீட்டுச் சமையலறையை எடுத்துக்குங்க. மோர் மிளகாய். பேர்லயே மோர் இருக்கு, ஆனா ஊறுகாய் மாதிரி ஓரத்துல வெச்சுக்கிற சமாசாரம், யாரும் கணக்குல எடுக்க மாட்டோம். அதை வறுத்த எண்ணெயிலேயே அப்பளம் பொரிப்போம். ரவா தோசை மாவுல மோர் ஊத்துறவங்க உண்டு. முறுக்கு, தட்டை, சீடை மாவுல வெண்ணெய் பிசைவாங்க. பழைய சோத்துல மோர். ஆடி மாசம் அம்மன் கோயில் வாசல்ல அண்டா அண்டாவாக் கூழ் ஊத்துவாங்க இல்லையா? கேழ்வரகு, நொய் அரிசி, ரெண்டுமே இவனுக்கு நல்லதுதான். ஆனா பல இடத்துல கரைக்கிறது மோர்லயோ தயிர்லயோ. எங்க அம்மா இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கூழ் காய்ச்சுற வீட்டுக்கு முன்னாடி நாள் ராத்திரியே போய், மோர் கரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தூக்குல தனியா வாங்கி வந்துடுவாங்க. சாமி பிரசாதமும் ஆச்சு, பேரனும் பத்திரம்.

நெய்யைப் பத்தி நிறைய பேர் கேட்கிறீங்க. "நெய்யில புரதமே கிடையாதே, வெறும் கொழுப்புதானே?" பெரும்பகுதி உண்மை. வெண்ணெயைக் காய்ச்சி, கசடை வடிகட்டின பிறகு மிஞ்சுறது கொழுப்பு. ஆனா கொஞ்சம் புரதம் தங்கிடும், வீட்ல காய்ச்சின நெய்யில் அடியில் கசடே இருக்கும். கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தக் கொஞ்சமே போதும். வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், மைசூர் பாகு, பஞ்சாமிர்தம், லேகியம் எல்லாத்துலயும் நெய் உண்டு. லேகியம் மருந்துங்கிறதால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அதைத் தனியா ஞாபகம் வெச்சுக்குங்க.

"நல்லாக் காய்ச்சிட்டா போயிடுமா?" போகாது. பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின். அது சூட்டுக்கு அசராது. மீதி 20 சதவீதம், பால் திரிஞ்சா தனியாப் பிரியுமே அந்தத் தெளிஞ்ச தண்ணியில இருக்கிற புரதம். அது சூட்டில் கொஞ்சம் உருக்குலையும். ஆனா அடுப்புல பொங்கி வர்ற சூடு கணக்கே இல்லை. கோதுமை மாவோட பிசைஞ்சு, அவன்ல அரை மணி நேரம் வேகவெச்ச கேக் மாதிரிப் பண்டத்தில் புரதத்தோட வடிவம் மாறிப்போறதால, பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவங்க அதை மட்டும் தாங்கிக்குவாங்க. யார் அந்தப் பெரும்பாலானவங்கன்னு ஆஸ்பத்திரியில் வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். வீட்ல ஒரு துண்டு குடுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

அடுத்து, வேற பால். ஆட்டுப்பால் குடுக்கலாம்னு எல்லாத் தாத்தா பாட்டியும் சொல்வாங்க. பசும்பால் ஒவ்வாமை உள்ளவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. புரதம் அவ்வளவு ஒத்துப்போகும். எருமைப்பாலும் அப்படித்தான். கழுதைப்பால் கதை கொஞ்சம் சுவாரசியம். நம்ம தெருவுலயே கழுதையை ஓட்டிக்கிட்டு வந்து, ஒரு சங்கு அளவு கறந்து குடுத்துக் காசு வாங்கிட்டுப் போவாங்க, பார்த்திருப்பீங்க. விஞ்ஞானப்படி அதுல ஒரு உண்மையும் இருக்கு: பால் ஒவ்வாமை உள்ள பல குழந்தைகளுக்குக் கழுதைப்பால் ஒத்துக்கிட்டதா இத்தாலியில் ஆய்வுகள் வந்திருக்கு. ஆனா அது பதப்படுத்தின பால், டாக்டர் கண்காணிப்பில் குடுத்தது. தெருவுல கறந்த பச்சைப் பாலைக் கைக்குழந்தை வாயில ஊத்தினா, ஒவ்வாமை வருதோ இல்லையோ, தொற்று வரும்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் போதலைன்னா, புரதத்தை நல்லாச் சிதைச்சுத் தயாரிக்கிற சிறப்புப் பால் பவுடர்கள் இருக்கு. விலை ரொம்ப அதிகம். டாக்டர் எழுதிக் குடுத்தாதான் வாங்கணும், கடைக்காரர் எடுத்துக் குடுக்கிற ஏதோ ஒரு டப்பாவை இல்லை.

தமிழ்ல இன்னொரு சிக்கல், வார்த்தையிலேயே இருக்கு. தேங்காய்ப்பால், சோயா பால், பருத்திப்பால் எல்லாத்துக்கும் பால்னுதான் பேர், ஆனா மாட்டுப்பால் அதில் கிடையாது. பாதாம் பால்? வெளிநாட்டுச் சமையல் வீடியோவில் பாதாம் பால்னா பாதாமை அரைச்சுப் பிழிஞ்சது. நம்ம டீக்கடையில, ஸ்வீட் ஸ்டால்ல பாதாம் பால்னா மஞ்சளாக் காய்ச்சின சுத்தமான மாட்டுப்பால், மேல ரெண்டு பாதாம் சீவல். பையனுக்குப் பால் ஆகாதுன்னு சொன்னதும் ஒரு உறவுக்காரர் ரொம்பப் பாசமா "அப்ப பாதாம் பால் குடிக்கட்டும்"னு டம்ளரை நீட்டினார். அக்கா தட்டாத குறை.

டீக்கடை பத்திச் சொல்லிடறேன். பிளாக் டீ, சுக்கு காபி கேட்டு வாங்கலாம்தான். ஆனா அதே வடிகட்டி, அதே டம்ளர், எல்லா டம்ளரையும் முக்கி எடுக்கிற அதே வாளித் தண்ணி. பெரியவங்க, லேசான ஒவ்வாமை உள்ளவங்க சமாளிக்கலாம். குழந்தைக்கு வேண்டாம். ஓட்டல்ல தோசையும் அதே கதைதான். நெய் ரோஸ்ட் ஊத்தின கல்லுல அடுத்து வர்றது உங்க சாதா தோசை. அக்கா வெளியே போனா இட்லிதான் வாங்குவா, "மேல நெய் ஊத்தாதீங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லி.

இப்ப பாக்கெட் பண்டங்கள். இங்க சட்டம் நமக்கு ஓரளவு துணையா இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-ல் கொண்டு வந்த லேபிள் விதிகள்படி, ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களைத் தனியாக் குறிப்பிடணும். பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, கோதுமை வகைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சேர்மானப் பட்டியலுக்குக் கீழே "கன்டெயின்ஸ் மில்க்"னு இருக்கும். தயாரிக்கிற இடத்துல பால் கலக்க வாய்ப்பு இருந்தா "மே கன்டெயின்"னு போடுவாங்க. பத்தோ அதுக்கு மேலயோ கிளை உள்ள ஓட்டல் கம்பெனிகளும் ஒவ்வாமைத் தகவல் தரணும்னு விதி இருக்கு, கேட்டு வாங்குங்க.

ஆனா ரெண்டு ஓட்டை. ஒண்ணு, பச்சைப் புள்ளி. பச்சைப் புள்ளின்னா சைவம், அவ்வளவுதான். நம்ம நாட்டுச் சட்டப்படி பாலும் நெய்யும் சைவம். இந்த ஒவ்வாமைக்குப் பச்சைப் புள்ளி எந்தக் காவலும் இல்லை. அதே மாதிரி முட்டை சேர்க்காத கேக். முட்டைக்குப் பதிலா பல பேக்கரியில் கன்டென்ஸ்டு மில்க்கோ தயிரோதான் சேர்ப்பாங்க. வீகன் முத்திரைக்கு 2022-ல் தனி விதி வந்திருக்கு, அது இருந்தா பால் சேர்மானம் இல்லைன்னு எடுத்துக்கலாம். ஆனாலும் "மே கன்டெயின்" வரியைப் படிச்சுட்டு வாங்குங்க.

ரெண்டாவது ஓட்டை, மொழி. லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தா போதும்னு விதி. மாநில மொழி விருப்பம்தான், கட்டாயம் இல்லை. பகல் முழுக்கப் பையனைப் பார்த்துக்கிறது எங்க அம்மா. அவங்களுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பேரன் பிஸ்கட் கேட்டு அழும்போது பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல ஆங்கிலத்துல இருக்கிறதை அவங்க எப்படிப் படிப்பாங்க? இது எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற விஷயம். தமிழ்நாட்டுல விற்கிற பண்டத்துல "பால் உள்ளது"ன்னு தமிழ்ல ஒரு வரி அச்சடிக்க என்ன செலவு? அது வர்ற வரைக்கும் நாங்க செஞ்சது: எம், ஐ, எல், கே அந்த நாலு எழுத்தை ஒரு அட்டையில் பெருசா எழுதி, ஃபிரிட்ஜ்ல ஒட்டி, அம்மாவுக்கு அந்த வடிவத்தைப் பழக்கினோம். கூடவே நெய், வெண்ணெய், தயிர், கேசின், வே பவுடர் இதுக்கெல்லாம் ஆங்கிலத்துல எப்படி எழுதியிருக்கும்னு ஒரு வரிசை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அம்மா இப்ப கடைக்காரரையே கேள்வி கேட்கிறாங்க. பேக்கரியில் கண்ணாடி டப்பாவிலிருந்து எடுத்துத் தர்ற பன், பிஸ்கட், ரஸ்க்குக்கு லேபிளே கிடையாது. அதனால அது வீட்டுக்குள்ளயே வர்றதில்லை. கடலை மிட்டாய் வரும்.

சத்துக்கு என்ன பண்றது? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 4 முதல் 6 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேணும். பால் குடிக்கிற குழந்தைக்கு ரெண்டு டம்ளரில் முக்கால்வாசிக்கு மேல் வந்துடும். நம்ம ஊர்ல மாற்று இல்லாம இல்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். எள்ளில் 100 கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல, ஒரு எள்ளுருண்டையே நல்ல பங்கு. முருங்கைக்கீரை, முள்ளோட சாப்பிடுற நெத்திலி. ஒரே குறை, கேழ்வரகு, எள்ளில் உள்ள கால்சியம் முழுசா உடம்பில் சேராது. முளைகட்டினா, புளிக்க வெச்சா கொஞ்சம் கூடுதலாச் சேரும். கூழ் காய்ச்சின நம்ம பாட்டிங்க இதைத் தெரிஞ்சு செஞ்சாங்களோ என்னவோ. தேங்காய்ப்பால் ருசிக்கு நல்ல மாற்று, ஆனா அதுல கால்சியமும் புரதமும் ரொம்பக் குறைச்சல், அதைப் பாலுக்குப் பதில்னு நினைச்சுடாதீங்க. சைவக் குடும்பமா இருந்தா பி12 வைட்டமின் பத்திக் கண்டிப்பா டாக்டர்கிட்ட கேளுங்க. முட்டை, மீன் இல்லாத வீட்ல அது வர்ற வழியே பாலும் தயிரும்தான்.

இப்ப முக்கியமான இடம். தப்பித் தவறி உள்ளே போயிட்டா?

வெறும் தடிப்பு, அரிப்புன்னா டாக்டர் சொல்லி வெச்சிருக்கிற ஒவ்வாமை மாத்திரையோ சிரப்போ குடுத்துட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கணும். மூச்சு இழுப்பு, விடாத இருமல், குரல் கம்முறது, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுத்தி வெளுத்துத் துவண்டு போறது, இதுல எது வந்தாலும் மாத்திரை வேலைக்கு ஆகாது. அதுக்கு மருந்து அட்ரினலின் ஊசி ஒண்ணுதான். தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கமா, தசைக்குள்ள போடணும். வெளிநாட்டுல பேனா மாதிரி தானா குத்துற ஊசி இருக்கு. நம்ம ஊர்ல அது சுலபமாக் கிடைக்கிறதில்லை. அதனால டாக்டர்கள் ஆம்பூலையும் சிரிஞ்சையும் குடுத்து எப்படிப் போடணும்னு சொல்லித் தருவாங்க. ஆம்பூல் விலை மலிவுதான். எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்னு கணக்கு. 20 கிலோ பையனுக்கு, ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள மருந்துன்னா, 0.2 மில்லி. உங்க குழந்தைக்கு எவ்வளவுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை மருந்தோடயே ஒட்டி வையுங்க. அந்த நேரத்துல யாருக்கும் கணக்கு வராது.

ஊசி போட்டதும் படுக்க வெச்சு, காலைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கணும். மூச்சுக் கஷ்டமா இருந்தா உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க வைக்கவே கூடாது. 108-க்குக் கூப்பிடணும். ஐந்து நிமிஷத்துல குறையலைன்னா ரெண்டாவது டோஸ். குறைஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஏன்னா சில மணி நேரம் கழிச்சு மறுபடி வரலாம்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடலாமே, ஊசி அங்க போட்டுக்கலாமே"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.-யிலிருந்து சிடிஎச் ரோட்டுல எவ்வளவு தூரம் போயிருக்கீங்க? பூந்தமல்லி பக்கம் மெட்ரோ வேலை நடந்தப்போ டிராஃபிக்ல எவ்வளவு நேரம் நின்னீங்க? எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி நல்ல இடம்தான், ஆனா இந்த நேரத்துல அது தூரம். கையில இருக்கிற ஊசியை முதல்ல போட்டுட்டு, பக்கத்துல எமர்ஜென்சி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க வீட்டுக்குப் பக்கத்துல ராத்திரியும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு இன்னைக்கே பார்த்து வையுங்க.

மருந்தை வெயில்லயும் வெளிச்சத்துலயும் வைக்கக் கூடாது. ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில வைக்கவே வைக்காதீங்க, சித்திரை வெயில்ல அது அடுப்பு. காலாவதி தேதியைக் காலண்டர்ல எழுதுங்க. சிரிஞ்சில் முன்னாடியே நிரப்பிக் குடுத்திருந்தா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்னு குடுத்தவங்ககிட்டயே கேட்டுக்குங்க. பையன் போற இடமெல்லாம் அந்தப் பையும் போகணும். பாட்டி வீட்டுக்கு, கோயிலுக்கு, நாலு வீடு தள்ளி இருக்கிற கடைக்குக் கூட.

ஸ்கூல். அக்கா தமிழ்ல ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுத்திருக்கா: பையன் போட்டோ, எது ஆகாது, என்ன அறிகுறி, எந்த மருந்து எங்க இருக்கு, யாருக்கு போன். வகுப்பு டீச்சர்கிட்ட ஒண்ணு, ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல ஒண்ணு, ஆயாம்மாகிட்ட ஒண்ணு. டிபன் பாக்ஸ் திறக்கிற நேரத்துல கூட இருக்கிறது ஆயாம்மாதான், அதனால அந்த மூணாவது காகிதம்தான் ரொம்ப முக்கியம்னு அக்கா சொல்வா. பிறந்தநாளுக்குப் பிள்ளைங்க சாக்லேட் குடுப்பாங்க. அதுக்குப் பதிலா டீச்சர் மேசையில இவனுக்குன்னு ஒரு டப்பா கடலை மிட்டாய் இருக்கு. இவனையும் பழக்கியிருக்கோம். யார் எதை நீட்டினாலும் "அம்மாகிட்ட கேட்டுச் சாப்பிடறேன்"னு வாங்கிப் பையில வெச்சுக்குவான். வேண்டாம்னு சொல்லச் சொன்னா பெரியவங்க விடமாட்டாங்க, வாங்கிக்கிட்டா விட்டுடறாங்க.

கடைசியா, நிறைய பேர் அனுப்பின கேள்வி: இது சரியாகுமா? நிறையக் குழந்தைகளுக்கு வளர வளரப் போயிடுது, பலருக்குப் பள்ளி வயசிலேயே. சிலருக்கு நிக்கும். போயிடுச்சான்னு தெரிஞ்சுக்க ரத்தத்துல ஐஜிஇ அளவு, தோல் டெஸ்ட் ரெண்டும் கோடு காட்டும், முடிவு சொல்லாது. டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தும் பிரச்சினை இல்லாம பால் குடிக்கிற குழந்தைகள் உண்டு. அதனாலதான் நூறு உணவுக்கு ஒரே பாக்கேஜ்னு விற்கிற டெஸ்ட்டுகளைப் பார்த்து ஒரு பட்டியலையே நிறுத்திடாதீங்க. ஐஜிஜி டெஸ்ட்னு ஒண்ணு விக்கிறாங்க, ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை. முடிவு சொல்றது, ஆஸ்பத்திரியில் வெச்சு, ஊசி தயாரா இருக்க, துளித்துளியா அளவைக் கூட்டிக் குடுத்துப் பார்க்கிற சோதனை. பாதி நாள் ஆகும்.

எங்க பையனுக்கு அது மே மாச லீவுல. முதல்ல பால் கலந்து சுட்ட கேக்தான் குடுத்துப் பார்ப்பாங்களாம். "கேக் சாப்பிட ஆஸ்பத்திரிக்குப் போறேன்"னு அவன் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்.

அடுத்த எபிசோடில முட்டை ஒவ்வாமையும் தடுப்பூசியும். உங்க கேள்விகளை அனுப்புங்க.